கூரை போட்டால் மதிப்பெண் குறையும்

நடுநிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்புக் கூரையைக் காற்று தூக்கிக்கொண்டு போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகள் யாரும் உள்ளே இல்லை. யாருக்கும் அடிபடாததால் அது விபத்து ஆகாது என்றும், விபத்து ஆகாததால் அவசர நிதியில் வராது என்றும் மாவட்டக் கல்வி அலுவலகம் மூன்று மாதம் யோசித்துக் கடிதம் எழுதியது. அந்தக் கடிதம் வந்த அன்றே தலைமையாசிரியை சுதாரித்திருக்க வேண்டும். ஆனால் இருபத்தாறு வருடம் அரசாங்கச் சம்பளம் வாங்கியும் நம்பிக்கை குறையாத அபூர்வப் பிறவி அவர். பதில் வந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டார்.

கூரை போனதும் எட்டாம் வகுப்பை ஏழாம் வகுப்பு அறைக்குள் தள்ள வேண்டியதாயிற்று. பள்ளியில் வேறு அறை கிடையாது. ஏழாம் வகுப்பு கிழக்குச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தது, எட்டாம் வகுப்பு மேற்குச் சுவரைப் பார்த்து. நடுவில் முதுகும் முதுகும் உரசும். கிழக்கே கணக்கு வாத்தியார் பின்னத்தைப் பெருக்கிக்கொண்டிருக்கும்போது மேற்கே வரலாற்று ஆசிரியை ஒரு சாம்ராஜ்யத்தைக் கவிழ்த்துக்கொண்டிருப்பார். அவர் குரலை உயர்த்த, இவர் குரலை உயர்த்த, இரண்டே மாதத்தில் வாத்தியாருக்குத் தொண்டை கட்டியது, ஆசிரியைக்கு ரத்தக்கொதிப்பு வந்தது. எழுபத்தொரு பிள்ளைகளும் இரண்டையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டு இருந்தார்கள்.

இந்தப் பள்ளியின் பெற்றோர் குழுத் தலைவர் ஒரு வெல்டர். ஊரில் கேட், ஜன்னல் கம்பி, தகரக் கொட்டகை எல்லாம் அவர் கைவேலைதான். தலைவராக வேண்டும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. தேர்தல் நடந்த நேரத்தில் அவர் வெளியே பள்ளி கேட்டுக்குக் கீல் வைத்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்தவர்கள் யாரும் பதவியை ஏற்கத் தயாராக இல்லாததால், மறுத்துப் பேச ஆள் இல்லாத பெயரைப் பார்த்து முன்மொழிந்துவிட்டார்கள். அவருடைய மகள் ஏழாம் வகுப்பு. அவள் உட்காருவது தெற்குச் சுவர் ஓரம். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் கூரை போன அறை.

ஒரு நாள் மழை விட்டதும் வெல்டர் அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்தார். விரிசல் ஒன்று தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை ஏறியிருந்தது. விரல் நகம் நுழைந்தது.

"டீச்சர், இதப் பாத்தீங்களா?" என்றார். "அந்தப் பக்கம் பெய்யுற தண்ணி போக வழியில்லாம உள்ளேயே நிக்குது. முழுக்க இந்தச் சுவர்தான் குடிக்குது. இந்த மழையைத் தாங்கிடும். அடுத்த மழைக்கு நான் பொறுப்பில்ல."

"மூணு தடவை எழுதிட்டேன் தலைவரே."

"எழுதினா சுவர் ஒட்டிக்குமா? பதினாறு தகர ஷீட்டு. ஒரு நாள் வேலை."

ஒரு நாள் வேலைதான். ஆனால் அதற்கு ஒரு படிவம் இருந்தது. படிவத்தில் "கூரையின் நிலை" என்று கேட்டு நன்று, சுமார், மோசம் என்று மூன்று கட்டங்கள் போட்டிருந்தார்கள். கூரையே இல்லாதவர்களுக்குக் கட்டம் இல்லை. தலைமையாசிரியை வேறு வழியின்றி "மோசம்" என்பதில் குறியிட்டு அனுப்பினார். ஆய்வாளர் ஒருவர் வந்தார், கூரையில்லாத அறையின் நடுவில் நின்றார், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார், போனார். பத்து நாளில் அறிக்கை வந்தது: "ஆய்வின்போது மோசமான கூரை எதுவும் காணப்படவில்லை."

சரி, படம் எடுத்து அனுப்புவோம் என்று அனுப்பினார். "அனுப்பிய படத்தில் வானம் மட்டுமே தெரிகிறது. கூரையின் படத்தை அனுப்பவும்" என்று பதில் வந்தது.

வெல்டர் பொறுத்துப் பார்த்தார். பிறகு பெற்றோர்களைக் கூட்டினார். ஷீட்டுக்கு எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் போடுவது, கூலி இல்லாமல் அவர் வேலை செய்வது என்று முடிவாயிற்று. அனுமதி கேட்டுப் போட்ட கடிதத்துக்கு இரண்டே நாளில் பதில் வந்தது. அலுவலகத்தின் சரித்திரத்திலேயே அவ்வளவு வேகமான பதில் கிடையாது. துறைக் கட்டடத்தின் மேல் தனியார் ஏறுவது ஆக்கிரமிப்பு, மீறினால் வழக்கு என்று இருந்தது.

"உதவி பண்றதுக்குப் பேரு ஆக்கிரமிப்பா?" என்று வீட்டில் வந்து கேட்டார் வெல்டர்.

தையல் மிஷினில் இருந்து தலையைத் தூக்காமலே மனைவி சொன்னாள்: "ஏறினா ஆக்கிரமிப்பு. இறங்கி வந்தா திருட்டும்பாங்க. விடுங்க, வேற வழி பாக்கலாம்."

வேறு வழி தானாக வந்தது. வந்த வழிதான் வினையாகப் போயிற்று.

ஆண்டிறுதித் தேர்வில் அந்தப் பள்ளி மாவட்டத்தில் முதலிடம் பிடித்தது. மாவட்டத்தில் மொத்தம் பன்னிரண்டு நடுநிலைப் பள்ளிகள். நமது பள்ளி வழக்கமாக எட்டாவதோ ஒன்பதாவதோ வந்து, கௌரவமாக ஒதுங்கி நிற்கும். இந்தத் தடவை ஏழாம் வகுப்பும் முதல், எட்டாம் வகுப்பும் முதல். வாத்தியார்களே நம்பவில்லை. கணக்கு வாத்தியார் மதிப்பெண் பட்டியலை இரண்டு முறை கூட்டிப் பார்த்தார்.

வெல்டருக்கு மகள்தான் விளக்கினாள். "எங்க சார் போரடிச்சா நாங்க அந்தப் பக்கம் காதைக் கொடுத்துடுவோம்பா. எட்டாம் வகுப்புப் பாடமே எங்களுக்கு மனப்பாடம். அந்த அக்காங்க எங்க பாடத்தைக் கேட்டுப் போன வருஷம் விட்டதையெல்லாம் பிடிச்சுக்கிட்டாங்க."

"அப்போ நல்லதுதானா பாப்பா?"

"காது வலிக்கும்பா. எழுதும்போது முதுகுல இடிப்பாங்க. மழை வந்தா சுவத்துப் பக்கம் யாரும் உட்கார மாட்டோம். எல்லாரும் நடுவுல நெருக்கி நிப்போம்." சொல்லிவிட்டுப் பழைய கோடு போட்ட நோட்டைத் தேடப் போய்விட்டாள்.

முதலிடம் என்றதும் அலுவலகத்திலிருந்து புள்ளிவிவர அதிகாரி வந்து இறங்கினார். "இன்றைக்கு வெயில் அதிகம்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "நேற்றைவிட ஆறு சதவீதம்" என்று சொல்கிற மனிதர். அவருக்கு மாவட்டம் முழுக்க "சதவீதம்" என்றே பேர். சதவீதம் அளவு நாடாவை எடுத்துப் பள்ளியை அளந்தார். கரும்பலகையை அளந்தார், பெஞ்சை அளந்தார், கணக்கு வாத்தியாரின் உயரத்தைக் கூடக் குறித்துக்கொண்டார். எல்லாம் மற்றப் பதினொரு பள்ளிகளில் இருப்பதைப் போலவே இருந்தன. ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். அண்ணாந்து பார்த்தார், கண் கலங்கிவிட்டது அவருக்கு.

வெல்டரின் மகள் எழுந்து நின்று, முதுகோடு முதுகாக உட்கார்ந்து இரண்டு பாடத்தையும் கேட்ட கதையை ஒன்று விடாமல் சொன்னாள். சதவீதம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாணவி பேசினாள், பேச்சில் எண்கள் இல்லை" என்று எழுதிக்கொண்டார்.

அடுத்த மாதம் பள்ளி மைதானத்தில் பாராட்டு விழா. மாவட்டக் கல்வி அதிகாரியே நேரில் வந்தார். இரண்டு நாற்காலி சேர்த்துப் போட்டிருந்தால் அதை மேடை என்று நினைத்துப் பேசத் தொடங்கிவிடுவார் என்பதால் அவரைப் பின்னால் "மேடை" என்பார்கள். அன்று நிஜமாகவே மேடை போட்டிருந்தார்கள். கேட்க வேண்டுமா?

"கூரையுள்ள பள்ளிகளின் சராசரி நாற்பத்தொன்று. கூரையில்லாத பள்ளியின் சராசரி எண்பத்து மூன்று," என்று ஆரம்பித்தார் அவர். "இத்தனை காலம் நாம் நிதி கொடுத்துக் கொடுத்தே பிள்ளைகளைக் கெடுத்துவிட்டோம். நான் கையெழுத்திட மறுத்த ஒவ்வொரு கோப்பும் ஒரு குழந்தையின் முன்னேற்றம் என்பதை இன்று புள்ளிவிவரம் சொல்கிறது. எனக்கே தெரியாமல் நான் செய்த சேவை அது. என் சொந்தப் பிள்ளைகளை நான் நல்ல கட்டடம் உள்ள தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டேன். அந்தத் தவற்றின் பலனை அவர்கள் இன்று வெளிநாட்டில் அனுபவித்துக்கொண்டிருக்கிறார்கள்."

கைதட்டினார்கள். தலைமையாசிரியைக்குக் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றும், "மாதிரிப் பள்ளி" என்று எழுதிய பலகை ஒன்றும் கொடுத்தார்கள். வெல்டர் கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் மேடையின் முன்னால் நின்றார். விருது கொடுத்த கை கூரையும் கொடுக்கும் என்று பாவம் நினைத்தார்.

"சார், மழைக்கு இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு. சுவர் விரிசல்ல இப்ப ஒரு விரல் போகுது. கூரை மட்டும் போட்டுக்க அனுமதி கொடுங்க."

மேடை அவர் தோளில் கை வைத்தார். "தலைவரே, கூரை போட்டா மதிப்பெண் குறையும். புள்ளைங்க எதிர்காலத்தோட விளையாட உங்களை நான் விட மாட்டேன்."

"சுவர் விழுந்தா சார்?"

"அதுக்கும் ஒரு சராசரி இருக்கு," என்றார் பக்கத்தில் இருந்த சதவீதம்.

மறுநாளே தடை உத்தரவு வந்துவிட்டது. ஐந்தாண்டு ஆய்வு முடியும்வரை அந்த அறையின் மேல் ஓலையோ தகரமோ துணியோ எதுவும் போடக்கூடாது. குதிரை கீழே தள்ளியது போதாதென்று குழியும் பறித்த கதை. மேற்கொண்டு, வேறு மாவட்டத்து அதிகாரிகள் வண்டி வண்டியாக வந்து, அறைக்குள் நின்று வானத்தைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள். வெயில் தாங்காமல் குடை பிடித்த ஒருவரை, ஆய்வுக்கு இடைஞ்சல் என்று சதவீதம் வெளியே அனுப்பினார்.

இதோடு நின்றிருந்தால் வெல்டர் தலையில் அடித்துக்கொண்டு சும்மா இருந்திருப்பாரோ என்னவோ. நிற்கவில்லை. "திறந்த வானத் திட்டம்" என்று ஒன்று பிறந்தது. துறைக் கட்டடம் ஒவ்வொன்றிலும் பெரிய அறையின் கூரையைக் கழற்றுவது, அங்கே இருப்பவர்களைப் பக்கத்து அறையில் முதுகோடு முதுகாக உட்கார வைப்பது. இதுதான் திட்டம். சுற்று வட்டாரத்தில் ஷீட் வேலை தெரிந்தவர் ஒருவர்தான். ஆகவே வேலை உத்தரவு கோந்து ஒட்டிய உறையில் வெல்டர் வீட்டுக்கே வந்தது.

"கூரை போட நிதி இல்லன்னாங்க, கழட்ட மட்டும் இருக்கு பாருங்க," என்றாள் மனைவி.

வெல்டர் உறையை அவள் பக்கம் தள்ளினார். "பதினோரு ஊர்ப் புள்ளைங்க தலையைத் திறந்துவிட என் கைதான் கிடைச்சுதா இவனுங்களுக்கு? கிழிச்சு அடுப்புல போடு அதை."

"கிழிச்சா வேற ஊர்லேர்ந்து ஆள் வரும். முதல்ல டீச்சர்கிட்ட கொண்டுபோய்க் காட்டுங்க. அவங்க பாஷை அவங்களுக்குத்தான் புரியும்."

தலைமையாசிரியை உத்தரவை முதல் பக்கத்திலிருந்து படித்தார். கடைசிப் பக்கத்தில் கட்டடங்களின் பட்டியல் இருந்தது. அங்கே வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

"தலைவரே, வரிசை எண் ஒண்ணு என்ன போட்டிருக்கு, பாருங்க."

"மாவட்டக் கல்வி அலுவலகம்," என்று எழுத்துக் கூட்டிப் படித்தார் வெல்டர். "ரெண்டு, மாவட்டக் கல்வி அதிகாரி குடியிருப்பு. மூணுலேர்ந்துதான் பள்ளிக்கூடம் வருது. என்ன டீச்சர் இது?"

"எங்க துறையில எந்தப் பட்டியலும் இப்படித்தான். மின்விசிறி வந்தாலும் சரி, மேசை வந்தாலும் சரி, முதல்ல அலுவலகத்துக்கு, ரெண்டாவது அவர் வீட்டுக்கு. மிச்சம் மீதி இருந்தாத்தான் பள்ளிக்கூடத்துக்கு. குமாஸ்தா எப்பவும் வச்சிருக்கற பட்டியலை அப்படியே எடுத்து இதுலயும் ஒட்டிட்டார். அதிகாரியும் எப்பவும் போலப் படிக்காம கையெழுத்துப் போட்டுட்டார்."

வெல்டர் கிட்டே குனிந்து பார்த்தார்.

"அஞ்சாவது நிபந்தனையைப் படிங்க. 'பணிகள் வரிசை எண்படியே செய்யப்பட வேண்டும். வரிசையை மீறுவது தண்டனைக்குரியது.' பள்ளிக்கூடத்துக்காரங்க யாராவது முந்திக்கிட்டு மேசையை எடுத்துட்டுப் போயிடக்கூடாதுன்னு போட்ட நிபந்தனை. ஆறாவது, கழட்டின பொருளை ஒப்பந்தக்காரரே அப்புறப்படுத்திக்கணும். வண்டிக் கூலியை மிச்சம் பண்றதுக்காகப் போட்டது."

"அப்ப அந்த ஷீட்டு..."

"உங்களுது." அவர் காகிதத்தை நான்காக மடித்து நீட்டினார். "இருபத்தாறு வருஷமா உத்தரவுக்குக் கீழ்ப்படிஞ்சிருக்கேன் தலைவரே. சந்தோஷமாக் கீழ்ப்படியறது இதுதான் முதல் தடவை. நானும் வர்றேன்."

மேடை அந்த வாரம் தலைநகரில் ஒரு கருத்தரங்கில் இருந்தார். தலைப்பு, "கூரை: கற்றலின் எதிரி." வெல்டர் ஏணி, ஸ்பானர், இரண்டு உதவியாட்களோடு அலுவலக வாசலில் போய் நின்றார். வாட்ச்மேன் உத்தரவை வாங்கி முத்திரையைப் பார்த்தார், கேட்டைத் திறந்தார். தலைமைக் குமாஸ்தா கையெழுத்தைப் பார்த்தார், எழுந்து நின்றார். எதற்காக என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் இருந்தால் அது அலுவலகமே இல்லை.

பெரிய அறை மாடியில் இருந்தது. மேடைக்காகவே கட்டிய அறை. நீலச் சாயம் அடித்த புது ஷீட் பதினெட்டு. காலை ஒன்பதுக்குத் தொடங்கி மாலை நாலுக்கு எல்லாம் கீழே வந்துவிட்டது. மின்விசிறியைக் கழற்றவில்லை, உத்தரவில் கூரை என்றுதான் இருந்தது. அது மொட்டை இரும்புச் சட்டத்தில் தொங்கியபடி வானத்துக்கு விசிறிக்கொண்டிருந்தது. மேசை, நாற்காலி, சுவர்க் கடிகாரம் எல்லாவற்றையும் ஊழியர்களே தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்து அறையில், சதவீதத்தின் நாற்காலிக்கு முதுகு காட்டிப் போட்டார்கள். சதவீதத்துக்கு மட்டும் கொஞ்சம் வியர்த்தது.

"ஆய்வுக்கு நல்லதுதானே சார்?" என்று கேட்டார் வெல்டர்.

"கோட்பாட்டளவில்," என்றார் சதவீதம்.

ஷீட்டுகள் அன்றே வண்டி ஏறிப் பள்ளி மைதானத்தில் வந்து இறங்கின. தடை உத்தரவு இருந்ததால் மேலே ஏற்றவில்லை. பிள்ளைகள் சுற்றி நின்று தட்டித் தட்டிப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் மேடை திரும்பி வந்தார். தன் அறைக் கதவைத் திறந்தார். அவர் சொன்ன முதல் வார்த்தையை எழுத முடியாது. அடுத்த அரை மணிக்குள் வெல்டருக்கும் தலைமையாசிரியைக்கும் ஆள் வந்தது.

அவர்கள் போனபோது மேடையும் சதவீதமும் முதுகோடு முதுகாக உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு கடிதம் சொல்ல, தட்டச்சு செய்கிற பெண் இரண்டையும் ஒரே தாளில் அடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே வானம் கறுத்திருந்தது.

"யாரைக் கேட்டுய்யா கழட்டினே?" என்றார் மேடை.

"உங்களைத்தான் சார். கையெழுத்து இருக்கு."

"உடனே திரும்பப் போடு."

"கழட்டத்தான் சார் உத்தரவு, போட இல்ல. நாளைக்குக் காலையில ரெண்டாம் நம்பர். பெரிய அறையைக் காலி பண்ணி வைக்கச் சொல்லி வீட்டம்மாகிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க சார். எங்களால அவங்களுக்குச் சிரமம் வேண்டாம்."

மேடை பாதி எழுந்தார். எழுந்ததில் நாற்காலி பின்னால் இடித்து, சதவீதத்தின் மை கொட்டியது. "ரத்து பண்றேன். இந்தத் திட்டத்தையே ரத்து பண்றேன். படிவத்தை எடுய்யா."

தலைமைக் குமாஸ்தா தேடி எடுத்துத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். "காரணம் எழுதணும் சார்."

"நிர்வாகக் காரணம்னு போடு."

"அது தாமதத்துக்கு மட்டும்தான் சார். ரத்துன்னா உண்மையான காரணம் எழுதணும். விதி."

துறையில் உண்மையான காரணம் கேட்கிற படிவம் அது ஒன்றுதான். அதனால்தானோ என்னவோ அதுவரை எந்த உத்தரவும் ரத்தானதில்லை. மேடை பேனாவை உருட்டினார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு எழுதினார்: "கூரையில்லாத கட்டடத்தில் அதிகாரிகள் பணியாற்ற இயலாது."

தலைமையாசிரியை குனிந்து படித்தார். "பிள்ளைகள் படிக்கவும் இயலாதுன்னு சேருங்க சார்."

"அது வேற விஷயம்மா."

"அதே வானம்தான் சார்."

"புள்ளைங்க பழகிக்குவாங்க. நாங்க அப்படியா? நாங்க உட்கார்ந்து யோசிக்க வேண்டியவங்க."

தட்டச்சுப் பெண் கையை எடுத்துவிட்டாள். வெல்டர் மேசைக்குக் கிட்டே போனார். அதிகாரியிடம் குரலை உயர்த்தக்கூடாது என்று வீட்டில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அவர் உயர்த்தவில்லை.

"உங்க ஃபைல் நனையும்னு அரை மணி நேரத்துல ஆள் அனுப்பினீங்க. நான் ஒரு வருஷமா நடக்கறேன் சார். என் மக அந்தச் சுவத்தோரம் உட்கார்றா. விரிசல்ல முதல்ல நகம் போச்சு, அப்புறம் விரல் போச்சு, நேத்து நாலு விரலை விட்டுப் பாத்துட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தா அவ எப்படிப் படிச்சான்னு நான் கேக்கறதில்ல, இன்னைக்கு எங்க உட்கார்ந்தேன்னுதான் கேக்கறேன். அவ யோசிக்க வேண்டியவ இல்லையா சார்? எழுதுங்க. எழுதலைன்னா நாளைக்கு ஏழு மணிக்கு உங்க வீட்டு வாசல்ல ஏணியோட நிப்பேன். ஊரே என்கூட வரும்."

மேடைக்கு வாழ்க்கையில் முதல்முறையாகப் பேச்சு வரவில்லை. சதவீதத்தைத் திரும்பிப் பார்த்தார். முதுகுதான் தெரிந்தது. கடைசியில் பேனாவை எடுத்தார். "பிள்ளைகள்" என்ற சொல்லை எழுதத்தான் ரொம்ப நேரம் பிடித்தது. "படிக்கவும் இயலாது" என்று முடித்து, கையெழுத்திட்டு, முத்திரையைக் குத்தினார்.

தலைமையாசிரியை மை காயும்வரை ஊதி, அதன் நகலில் உண்மை நகல் என்று குமாஸ்தாவின் கையெழுத்தை வாங்கிப் பையில் வைத்தார். இந்த வரி எழுத்தில் வந்த பிறகு ஐந்தாண்டு ஆய்வும் தடையும் எந்த மூலைக்கு?

"அப்ப என் ரூம் ஷீட்டு?" என்றார் மேடை, குரல் இறங்கி.

"ஆறாவது நிபந்தனைப்படி அப்புறப்படுத்தியாச்சு சார்," என்றார் வெல்டர்.

"அடுத்த வருஷ நிதியில கேட்டுப் பாக்கலாம் சார்," என்றார் தலைமைக் குமாஸ்தா.

மறுநாள் விடியும் முன்பே பள்ளியில் ஆள் சேர்ந்துவிட்டது. கொத்தனார் ஒருவர் விரிசலைக் கொத்தித் திறந்து சிமெண்ட் அடைத்தார். அம்மாக்கள் வரிசையாக நின்று ஷீட்டைக் கை மாற்றினார்கள். வெல்டர் மேலே உட்கார்ந்து போல்ட்டை முறுக்கினார். தலைமையாசிரியை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியைப் பிடித்தார். பதினாறு ஷீட்டில் அறை மூடியது. மிச்சம் இரண்டை வாசல் பக்கம் சாரலுக்கு வைத்தார்கள். அவர் முதலிலேயே சொன்ன மாதிரி ஒரு நாள் வேலைதான்.

அந்த வாரக் கடைசியில் மழை பிடித்தது. புதுத் தகரத்தின் மேல் விழுந்த மழைச் சத்தத்தில் கணக்கு வாத்தியார் கத்தியது முதல் பெஞ்சுக்கே கேட்கவில்லை. அடுத்த அறையில் வரலாற்று ஆசிரியை ஒரு போரைப் பாதியில் நிறுத்திவிட்டுப் புத்தகத்தை மூடினார். இதைக் கேள்விப்பட்ட சதவீதம், அன்று அந்தப் பள்ளியில் ஒரு மணி நேரம் கற்றல் நடைபெறவில்லை என்று குறித்துக்கொண்டார். நடைபெறவில்லைதான். எழுபத்தொரு பிள்ளைகளும் இரண்டு அறைகளில், சுவரோரம் வரை பரவி உட்கார்ந்து, மழை விடட்டும் என்று காத்திருந்தார்கள்.